இளஞ்சூரியன் மங்கல்தான், சாது இல்லை

அண்ணை, இளஞ்சூரியன் இன்றையதைவிட 30 வீதம் மங்கல், ஆகவே எக்ஸ் கதிரும் குறைவு, பூமி அமைதியாகத் திரண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மங்கல் என்பது சரி. எக்ஸ் கதிர்க் கணக்கு நேர்மாறு.

ஒளிக்கு மூலம் மையத்து அணுக்கரு இணைவு. எக்ஸ் கதிரோ காந்தப்புலம் சூடாக்கும் கொரோனா என்ற வெளி வளிமண்டலத்திலிருந்து வருகிறது. இளம் விண்மீன் வேகமாகச் சுழலும், காந்தப்புலமும் மூர்க்கம். 2003இல் சந்திரா என்ற எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கி, விண்மீன்கள் பிறக்கும் வாயு முகிலான ஓரியன் நெபுலாவைச் சுமார் 13 நாட்கள் பார்த்தது. (தை மாத முன்னிரவில் கசூரினாக் கடற்கரையில் அண்ணாந்தால், ஓரியன் என்ற வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தின் வாளில் புகைபோலத் தெரிவது அதுதான்.) அங்கே சூரியனை ஒத்த இளம் விண்மீன்கள் இன்றைய சூரியனைவிட ஆயிரம் மடங்கு, அதற்கும் மேல் எக்ஸ் கதிர் வீசுகின்றன.

அதற்காகப் பாறை உருகியது என்று எடுக்க வேண்டாம். அடிபடுவது வாயுதான்: இளம் விண்மீனைச் சுற்றிக் கோள்கள் திரளும் வட்டின் வாயு அயனாகி (மின்னேற்றம் பெற்று)ச் சூடேறி வெளியேறும், குழந்தைக் கோள்களின் வளிமண்டலமும் உரியும்.