உடன்படிக்கை செய்யும் அதிகாரம் பழைய காங்கிரஸுக்கும் இருந்தது

1781 முதல் 1789 வரை அமெரிக்காவில், அந்நாட்டின் முதல் அரசமைப்பான கூட்டமைப்பு விதிகளின்கீழ் இயங்கிய காங்கிரஸுக்கு (மாநிலப் பிரதிநிதிகள் அவைக்கு) போர் தொடுக்கவோ உடன்படிக்கை செய்யவோ அதிகாரமே இல்லை என்று எழுதப்பட்டிருப்பது சரியன்று. ஒன்பது மாநிலங்களின் இசைவு வேண்டும் என்ற நிபந்தனையோடு அவ்விரண்டையும் அவ்விதிகளின் 9ஆம் பிரிவு அளித்திருந்தது. விடுதலைப் போரை முடித்துவைத்த, பிரிட்டனுடனான பாரிஸ் உடன்படிக்கைக்கு 1784 ஜனவரியில் ஒப்புதல் அளித்ததும் அதே காங்கிரஸ்தான்.

எடுத்த முடிவை நிறைவேற்ற வழியில்லாமற்போனதே அதன் உண்மையான குறை. பிரிட்டிஷ் வணிகர்களுக்குரிய பழைய கடன்களை வசூலிக்கத் தடை கூடாது என்று அந்த உடன்படிக்கை கூறியும் பல மாநிலங்கள் தடை போட்டன. அதையே காரணம் காட்டிப் பிரிட்டன், அமெரிக்காவின் வடமேற்கில் தன் வசமிருந்த கோட்டைகளைக் காலி செய்ய மறுத்தது.

வரி விதிக்கும் உரிமை இல்லாததால், மாநிலங்களிடம் பங்குத்தொகை கேட்டுக் காத்திருப்பதைத் தவிரக் காங்கிரஸுக்கு வேறு வழியிருக்கவில்லை. இறக்குமதிப் பொருள்கள் மீது 5 விழுக்காடு சுங்கம் விதிக்க 1781இல் அனுமதி கேட்டபோது, மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டு மறுத்தது. 13 மாநிலங்களும் இசைந்தாலன்றி விதிகளைத் திருத்த முடியாது என்பதால் திட்டம் அத்தோடு முடிந்தது. 1783இல் வந்த அடுத்த சுங்கத் திட்டம் நியூயார்க்கால் வீழ்ந்தது. மற்றக் குறைகளைச் சரிசெய்யும் வாயிலையே அடைத்துவிட்ட ‘எல்லா மாநிலங்களும் இசைய வேண்டும்’ என்ற இந்த நிபந்தனைதான், என் பார்வையில், எல்லாவற்றிலும் கொடியது.

1787இல் ஃபிலடெல்ஃபியாவில் எழுதப்பட்ட அரசமைப்பு, காங்கிரஸுக்கு நேரடியாக வரி விதிக்கும் அதிகாரம் தந்தது. திருத்தங்களுக்கு நான்கில் மூன்று பங்கு மாநிலங்களின் ஒப்புதல் போதும் என்றாக்கியது. உடன்படிக்கைகளை நாட்டின் உச்சச் சட்டமாக்கி, மாநில நீதிபதிகளையும் அவற்றுக்குக் கட்டுப்படுத்தியது. ஆகவே பழைய காங்கிரஸுக்கு அதிகாரமே இல்லை என்ற அந்த வாக்கியத்தைத் திருத்திவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.