ஹாப்ரேவின் வீடு

டார்ஜிலிங் போய்வந்தவர்கள் எல்லாரும் அங்கே மிருகக்காட்சி சாலையில் எடுத்த சிவப்புப் பாண்டா படத்தைப் போடுகிறீர்கள். நானும் போட்டிருக்கிறேன். அதன் உண்மையான வீட்டைப் பற்றியும் நாம் பேச வேண்டும்.

'இமயமலையில் வாழும்' என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். நேபாளம், சிக்கிம், பூடான், அருணாசலம், வட மியான்மர், சீனாவின் யுன்னான், சிச்சுவான் என்று வரைபடத்தில் நீளமாகத்தான் தெரியும். மலையில் பார்த்தால் அது ஒல்லியான ஒரு பட்டை. சுமார் 2,200 மீட்டருக்குக் கீழே வெக்கை, 4,800க்கு மேலே மரமே கிடையாது. நடுவிலும் பெரிய மரங்களின் அடியில் சிறுமூங்கில் அடர்ந்த இடம்தான் வேண்டும்.

இதன் குடும்பத்து எலும்புகள் ஸ்பெயினிலும் அமெரிக்காவின் டென்னசியிலும் கிடைத்திருக்கின்றன. அங்கெல்லாம் அழிந்துபோய், மிச்சம் இந்தப் பட்டை மட்டும். ரக்கூனும் நம் காவிரியில் மீன் பிடிக்கும் நீர்நாயும் தூரத்துச் சொந்தம்தான். பாண்டாக் கரடி அந்த அளவுக்குக்கூட நெருக்கமில்லை. இந்தக் குடும்பத்தில் உயிரோடு இருப்பது இது ஒன்றுதான். இதிலேயே இமயமலைப் பாண்டா, சீனப் பாண்டா என இரண்டு இனம் என்கிறது 2020இல் வந்த மரபணு ஆய்வு. இரண்டும் சேர்த்தே 10,000 தேறாது என்கிறார்கள்.

டார்ஜிலிங் பக்கத்து சிங்காலீலா தேசியப் பூங்காவில், கைரிபாஸ் என்ற ஊரைத் தாண்டி நடந்தபோது வழிகாட்டி சட்டென்று நின்றார். பாசி படர்ந்த கிளைமேல் பச்சையாக எச்சக் குவியல். குச்சியால் பிரித்துக் காட்டினார், உள்ளே மூங்கில் நார் அப்படியே இருந்தது. ஊனுண்ணியின் குடல் அதற்கு; தின்றதில் கால்வாசிதான் செரிக்கும். அதனால் நாள் முழுக்கத் தின்றாக வேண்டும். "ஹாப்ரே" என்றார் மெதுவாக. நேபாளியில் அதன் பெயர் அது. பக்கத்தில் விழுந்துகிடந்த மரத்தைத் தொட்டு, இதில் ஏறித்தான் மூங்கில் கொழுந்தை எட்டும் என்றார். விறகுக்கு அதைத் தூக்கிப் போனால் அதற்கு ஏணி போச்சு.

காடு வெட்டு, மேய்ச்சல், கண்ணி எல்லாம் இருக்கின்றன. எனக்கு அதிகம் வலிப்பது நாய்கள் விஷயம். நாய்கள் துரத்திக் கடிப்பது ஒரு பக்கம். அவற்றிடமிருந்து தொற்றும் டிஸ்டெம்பர் நோய் வந்தால் பாண்டா பிழைப்பது அரிது. மலையேறப் போகிற நாம்தான் பாவம் பார்த்துச் சோறு போட்டு, பின்னாலேயே காட்டுக்குள் அழைத்துப் போகிறோம். தடுப்பூசி போடாத ஒரு நாயும் அந்தப் பாதையில் ஏறக்கூடாது. கிழக்கு நேபாளத்தில் இலாம், பாஞ்ச்தர், தாப்லேஜுங் பக்கம் ஊர்க்காரர்களே வனக் காவலர்களாகக் காட்டைச் சுற்றி வருகிறார்கள். நம் பக்கத்துக் கிராமங்களிலும் அப்படிச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும்.

அன்றும் இரண்டு நாய்கள் எங்கள் பின்னாலேயே வந்தன. வழிகாட்டி எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: கையில் இருக்கும் பிஸ்கட்டைப் பைக்குள் வையுங்கள்.