நான் கணக்குக் கேட்டேன், அமெரிக்காவைப் பற்றியா கேட்டேன்?

ஞாயிற்றுக்கிழமை நம் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூரில் பொருள் சேவை வரியின் இரண்டாவது உயர்வைத் தள்ளிப்போட்டிருக்கலாமே என்று கேட்டேன், அவ்வளவுதான். மறுபடி எழுதி யாரையும் நோகடிக்க விருப்பமில்லை. ஆனால் "அமெரிக்காவைப் பாருங்க அக்கா, அப்புறம் பேசுங்க" என்று சொல்லி, கூடவே ஒரு கும்பிடு எமோஜியும் போட்டாரே ஒரு தம்பி, அந்தக் கும்பிடுதான் மூன்று நாளாகத் தூங்க விடவில்லை.

சரி, பார்த்தேன். 2025 அக்டோபர் 1 தொடங்கி 43 நாள் அங்கே அரசாங்கம் முடங்கிக் கிடந்தது. செலவுக்கு ஒப்புதல் தருவதில் இரண்டு கட்சிக்கும் ஒத்துவரவில்லை. வானில் விமானங்களை வழிநடத்துகிறவர்கள் சம்பளமில்லாமல் வேலைக்கு வந்தார்கள். 2011-இல் அரசு வாங்கக்கூடிய கடனின் வரம்பை உயர்த்த இழுத்தடித்ததில், நாடுகளின் கடன் நம்பகத்தை மதிப்பிடும் எஸ் அண்ட் பி நிறுவனம் அவர்களின் முதல்தர மதிப்பீட்டையே இறக்கியது. செலவுக்கு ஒரு ஓட்டு, அதற்குக் கடன் வாங்கலாமா என்று தனியாக இன்னொரு ஓட்டு. வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, காசு கொடுக்கலாமா வேண்டாமா என்று கடையில் சண்டை போடுவதுபோல. கேவலம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அதற்கும் நான் கேட்டதற்கும் என்ன சம்பந்தம்?

பொருள் சேவை வரி 2023-இல் 8 விழுக்காடு, 2024-இல் 9. அந்த 2024 நிதியாண்டில் 6.4 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) உபரி என்று அடுத்த பிப்ரவரியில் பிரதமரே பட்ஜெட்டில் சொன்னார். அப்படியென்றால் இரண்டாவது உயர்வைக் கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கலாமே என்றேன். இதில் வாஷிங்டன் எங்கே வந்தது?

"நாம் கடன் வாங்கிச் செலவழிக்கும் நாடா?" என்பீர்கள். இல்லை, தெரியும். அரசாங்கம் பத்திரம் விற்று வரும் பணத்தில் பெரும்பகுதி முதலீட்டுக்குப் போகிறது. முந்தைய அரசாங்கங்கள் சேர்த்துவைத்த கடந்தகாலச் சேமிப்பில் கை வைக்க அதிபர் சம்மதிக்க வேண்டும். 2009-இல் அப்போதைய அதிபர் எஸ் ஆர் நாதன் சம்மதித்து எடுத்த பணத்தைப் பிறகு திருப்பியும் வைத்தார்கள். எனக்கும் பெருமைதான். பெருமைப்படுகிறவள் கேள்வி கேட்கக் கூடாதா?

"முதியவர்கள் பெருகுகிறார்கள், மருத்துவச் செலவு ஏறுகிறது" என்று சொல்லியிருந்தால் வாயை மூடியிருப்பேன். (மூடியிருக்க மாட்டேன். ஆனால் அது ஒரு பதில்.)

"எதிர்க்கட்சி ஆளா?" என்பவர்களுக்கு ஒன்று. 2022-இல் இங்குள்ள எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி பட்ஜெட்டை எதிர்த்தே வாக்களித்தது. மறுநாளும் எம்ஆர்டி ரயில் ஓடியது. எந்த அலுவலகத்துக்கும் பூட்டு விழவில்லை.

பூட்டு எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். அப்பாவும் பெரியப்பாவும் இங்கே தேக்கா வட்டாரத்தில் சேர்ந்து மளிகைக் கடை வைத்திருந்தார்கள். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மொத்தக் கடைக்காரருக்கு யார் கொடுப்பது என்பதில் தகராறு. நான்கு நாள் கதவு திறக்கவில்லை. முறுக்கு மாவு வாங்க வந்தவர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள்; அதில் பாதிப் பேர் திரும்பி வரவே இல்லை. கணக்குக் கேட்டதால் பூட்டினார்கள் என்றுதான் சொந்தத்தில் இன்றும் பேச்சு. அம்மா மட்டும் வேறு சொல்வார்: ஆறு வருஷம் கணக்கே கேட்கவில்லை, அண்ணன் மனசு கோணுமே என்று. ஏழாவது வருஷம் மொத்தமும் ஒரே ராத்திரியில் வெடித்தது. கேட்டிருக்க வேண்டிய ஆறு வருஷமும் அப்பா பெரியப்பாவைக் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அதனால்தான் அந்த எமோஜி வலிக்கிறது போல.

இன்னொருவர், பெயர் வேண்டாம், "சிடிசி பற்றுச்சீட்டை மட்டும் வாங்கிக்கிட்டீங்களே" என்று, வீட்டுச் செலவுக்கு அரசாங்கம் தரும் பற்றுச்சீட்டைக் குத்திக்காட்டி எழுதினார். அதற்கு பதினோரு பேர் சிரித்தார்கள். எண்ணிப் பார்த்தேன். அதில் இருவர் என் வீட்டில் வந்து சாப்பிட்டவர்கள்.

ஆமாம், வாங்கினேன். இந்த நாட்டில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து வரி கட்டியவள் வாங்கினேன். அரிசி, பருப்பு, இரண்டு புட்டி எண்ணெய். அந்த எண்ணெய்க்கும் 9 விழுக்காடு போயிற்று. ரசீது வைத்திருக்கிறேன். வேண்டுமானால் குழுவில் போடுகிறேன் தம்பி, கும்பிடு இல்லாமல்.