நாயின் புற்றுநோய் நமக்குத் தொற்றாது
"புற்றுநோய் வந்த நாயை வீட்டில் வைத்திருந்தால் குழந்தைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும், எங்காவது விட்டுவிடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. நாயின் புற்றுநோய் மனிதருக்குத் தொற்றாது.

தெருநாய்களின் பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போலத் திரண்டு ரத்தம் கசியும் கட்டியைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அந்தக் கட்டி, நாய்கள் இணைசேரும்போது, உயிருள்ள புற்றுச் செல்களாகவே நாயிலிருந்து நாய்க்குப் போவது. நமக்கு வராது. வின்கிரிஸ்டின் என்ற கீமோ (புற்றுச் செல்களைக் கொல்லும்) மருந்தை வாரம் ஒரு ஊசி என்று சில வாரம் போட்டால் பெரும்பாலும் கரைந்தும் விடும்.

கீமோ போட்ட சில நாள் மட்டும் நாயின் சிறுநீர், மலத்தைக் கையுறையோடு சுத்தம் செய்யுங்கள். மருந்து கலந்திருக்கும், அவ்வளவுதான்.

நாய்க்கு வரும் நிணநீர்ப் புற்று (லிம்போமா) பெரும்பாலும் முழுதாகக் குணமாகாது. அப்போதும், பாவம், மடியில் தலை வைக்க வந்தால் தள்ளாதீர்கள். வலிக்கு நம் ஐபுபுரூஃபனைக் கொடுக்கவே கூடாது, கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.