ரெஸ்ட் எடுத்தா சோம்பேறியா சார்?

அந்த வீடியோவை இங்க எல்லாருமே பாத்தாச்சு, மறுபடி ஷேர் பண்ணி அவருக்கு வியூஸ் ஏத்த எனக்கு இஷ்டமில்ல. வடசென்னை வியாசர்பாடி கிரவுண்டு, நம்ம ஃபுட்பால் பசங்க, நடுவுல மடிப்பு கலையாத ஜெர்சியில ஒரு ஃபிட்னஸ் ட்ரெயினர். அரை மணி நேரம் பர்பீஸ், ஜம்ப், ஸ்பிரிண்ட்னு விடாம வாங்கிட்டு, முடியாம உக்காந்த பையன் முகத்துக்கு கேமராவைத் திருப்பி, "இந்த சோம்பேறித்தனம்தான் உங்கள இந்த ஏரியாவைத் தாண்ட விடல"ன்னார் பாருங்க, அங்கதான் எனக்கு சுர்ருனு ஏறிச்சு.

அந்த அரை மணி நேரப் பயிற்சிக்குப் பேர் டபாட்டாவாம்.

டபாட்டான்றது 20 செகண்ட் முழு மூச்சா வேலை, 10 செகண்ட் ரெஸ்ட். இப்படி ஏழெட்டு தடவை. மொத்தமே நாலு நிமிஷம். 1996ல ஜப்பான் ஆராய்ச்சியாளர் இசுமி டபாட்டா குழு வெளியிட்ட ஆராய்ச்சியில யாரும் கிரவுண்டுல ஓடல, நின்ன எடத்துல சைக்கிள் மிதிச்சாங்க. அந்த வேகத்துல மிதிச்சா எட்டாவது ரவுண்டுக்கு மேல கால் வராது. அரை மணி நேரம் ஒருத்தன் தாங்கறான்னா அது டபாட்டா இல்ல சார், பெண்டு கழட்டறது.

"ஆனா அந்த ஆராய்ச்சியில மூச்சுத்திறன் ஏறுச்சே?"ன்னு கேப்பீங்க. ஏறுச்சு. யார் இல்லன்னா? ஃபுட்பால்காரனுக்கு அது பத்தாதுன்றேன். 90 நிமிஷ மேட்ச்ல ஒருத்தன் பத்து, பன்னெண்டு கிலோமீட்டர் போறான். அதுல பெரும்பகுதி நடையும் மெது ஓட்டமும்தான். ஸ்பிரிண்ட்டுன்றது ரெண்டு மூணு செகண்ட். ரெஸ்ட் ஆட்டத்துக்குள்ளயே இருக்கு.

நார்வேக்காரங்களைப் பாருங்க. 2001ல ஹெல்கெரூட் குழு ஜூனியர் பசங்களுக்குக் குடுத்தது நாலு நிமிஷம் ஓட்டம், இதயத்துடிப்பு உச்சத்துல 90-95 சதவீதம். அப்புறம் மூணு நிமிஷம் மெதுவா ஓடலாம். இப்படி நாலு தடவை, வாரத்துல ரெண்டு நாள், எட்டு வாரம். மேட்ச்ல ஓடற தூரம் 20 சதவீதம் கூடுச்சு, ஸ்பிரிண்ட் எண்ணிக்கை ரெண்டு மடங்காச்சு. திரும்பச் சொல்றேன், நடுவுல மூணு நிமிஷம் விட்டாங்க. யாரும் யாரையும் சோம்பேறின்னு சொல்லல.

எனக்குப் புடிச்சது இத்தாலி ஜூனியர் பசங்க வச்சு 2006ல வந்ததுதான். ஒரு குரூப்புக்கு வெறும் ஓட்டம், இன்னொரு குரூப்புக்கு சின்ன கிரவுண்டுல பந்து. ரெண்டுக்கும் பலன் ஏறக்குறைய ஒண்ணுதான். அப்ப பந்தைக் குடுங்களேன்! நாம சந்துல நாலுக்கு நாலு ஆடினதைத்தான் அவங்க பேப்பர்ல எழுதியிருக்காங்க. (ஒரே ஒரு தொல்லை. காலு நல்லா பேசற பையன் அதுல நின்னுக்கிட்டே சமாளிப்பான். அவனை மட்டும் தனியா ஓடவிடணும்.)

வேகம் வேணும்னா கதை வேற. 30 மீட்டர் உயிரைக் குடுத்து ஓடினா, தசையில செலவான உடனடி சக்தி பாதி திரும்பவே அரை நிமிஷம் ஆகும். முழுசா வர மூணு நிமிஷத்துக்கு மேல. அது வர்றதுக்குள்ள விரட்டினா பையன் மெதுவா ஓடத்தான் பழகுவான். தொடையில பின்பக்கம் பிடிச்சா சீசன் காலி.

எங்க மாஸ்டருக்கு இன்டர்வல்னு (ஓட்டம், நடுவுல ரெஸ்ட்னு மாத்தி மாத்தி வைக்கிற பயிற்சி) ஒரு வார்த்தை தெரியாது. கிரவுண்டு நீளத்துக்கு ஓடுவோம், அகலத்துக்கு நடப்போம். "மூச்சு வந்துச்சாடா? வரலன்னா நில்லு" அவ்ளோதான். அவர் சொன்னா ஏரியா பேச்சு, இவர் சொன்னா சயின்ஸ்.

ஸ்போர்ட்ஸ் கோட்டா செலக்‌ஷனுக்கு ஒரு ஆபீஸ் போயிருந்தேன், எந்த ஆபீஸ்னு வேணாம். 12 நிமிஷ ஓட்டம் வச்சாங்க. நான் விங்கர், ஓரத்துல பந்தோட ஓடறவன், பந்தைத் தொடவே விடல. ஃபார்மைப் பாத்த ஒருத்தர், "வியாசர்பாடியா? போலீஸ் துரத்துனா நல்லா ஓடுவீங்களே"ன்னார். சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். அந்த வீடியோவுல உக்காந்த பையனும் அப்படித்தான் சிரிக்கிறான், பாத்தீங்களா?

அவன் முந்தின நாள் ராத்திரி கல்யாண மண்டபத்துல பரிமாறிட்டு வீட்டுக்கு வரவே மணி ரெண்டு. காலையில கிரவுண்டுல நிக்கறான். அவன் சோம்பேறி! அவங்க அம்மா வரைக்கும் வீடியோ போயாச்சு. அதை எடுங்க சார், மத்ததை அப்புறம் பேசலாம்.

"காசு வாங்காமதானே சொல்லித் தரார்?" பசங்களும் காசு வாங்காமதான் அவர் வீடியோவுல நடிச்சிருக்காங்க.

"கஷ்டப்படாம முன்னேற முடியுமா?" தன்பால் கணேஷ் இதே வியாசர்பாடியில இருந்துதான் இந்திய டீமுக்குப் போனான். எங்க பசங்களுக்கு கஷ்டத்தை வெளியில இருந்து கொண்டாந்து குடுக்கணுமா?

"உனக்குப் பொறாமை." சரி, இருந்துட்டுப் போகட்டும்.

ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு நாலுக்கு நாலு வைக்கிறோம். நாலு நிமிஷம் ஆட்டம், மூணு நிமிஷம் தண்ணி. யார்கிட்டயாவது ஸ்டாப்வாட்ச் இருந்தா எடுத்துட்டு வாங்க, என் போன்ல சார்ஜ் நிக்க மாட்டேங்குது.