அயோவா டிஃபென்ஸை ஸ்கோரை வைத்து எடை போடாதீர்கள்

2023 அமெரிக்கக் கால்பந்து சீசனில் அயோவா கல்லூரி அணி ஆடிய 14 ஆட்டங்களின் ஸ்கோரையும் நேற்று ராத்திரி உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். எடுத்தது 216 புள்ளி, கொடுத்தது 207. ஒன்பதே புள்ளிதான் வித்தியாசம். ஆனால் ஜெயித்தது 10 ஆட்டம்! சராசரி 15.4 புள்ளி எடுக்கும் ஆஃபென்ஸை (பந்தோடு முன்னேறிப் புள்ளி எடுக்க வேண்டிய பிரிவு) வைத்துக்கொண்டு இது எப்படி நடந்தது என்றால், ஃபில் பார்க்கர் பயிற்சி கொடுத்த, எதிரணியைத் தடுக்கும் பிரிவான டிஃபென்ஸ்தான். நாட்டின் சிறந்த துணைப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருதை அந்த வருஷம் அவருக்குக் கொடுத்தது ரொம்பச் சரி.

‘டிஃபென்ஸ் சூப்பர், ஆஃபென்ஸ் மோசம்’ என்று இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து மார்க் போடுகிறார்கள். அதுதான் எனக்கு ஒப்பவில்லை. ஆஃபென்ஸ் சொதப்பும்போது அந்தக் கடன் டிஃபென்ஸ் கணக்கில் ஏறிவிடுகிறது.

அயோவா ஆடும் லீக்கான பிக் டென்னின் இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். மிச்சிகன் 26, அயோவா 0. டிஃபென்ஸ் நொறுங்கிப் போனது போலத்தான் தெரியும். ஆனால் பிறகு தேசிய சாம்பியனான அந்த மிச்சிகன், அன்று ஆட்டம் முழுக்க நகர்ந்ததே 213 யார்டுதான். அடித்த டச் டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது, 6 புள்ளி) இரண்டு. முதலாவது, நாம் தூரமாக உதைத்து அனுப்பிய பந்தை (அதுதான் பன்ட்) அவர்கள் பிடித்து 87 யார்டு திரும்பி ஓடி, நம் கோல் கோட்டுக்கு 5 யார்டில் கொண்டுவந்து வைத்த பிறகு. அடுத்தது, நம் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆஃபென்ஸை நடத்துபவர்) டீக்கன் ஹில் நம் கோல் கோட்டுக்கு 6 யார்டில் பந்தைப் பறிகொடுத்த பிறகு. வீட்டு வாசல்படி வரைக்கும் எதிரியைக் கூட்டிவந்து விட்டுவிட்டு, தடு என்றால் எப்படித் தடுப்பது?

முதல் குவார்ட்டர்பேக் கேட் மெக்நமாராவுக்கு ஐந்தாவது ஆட்டத்திலேயே முழங்கால் போய்விட்டது. ஆஃபென்ஸ் சொதப்பியதற்கு அதைக் காரணம் சொல்வார்கள். அது உண்மைதான், பாவம். ஆனால் அதற்கு முந்தைய 2022 சீசனிலேயே சவுத் டகோட்டா ஸ்டேட்டை 7-3 என்று ஜெயித்தார்களே, அதில் ஒரு டச் டவுன்கூட இல்லை. ஒரு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளி), டிஃபென்ஸ் சம்பாதித்த இரண்டு சேஃப்டி (எதிரணியை அவர்கள் கோல் பகுதியிலேயே மடக்கினால் கிடைக்கும் 2 புள்ளி), அவ்வளவுதான். அப்புறம் தலைமைப் பயிற்சியாளரின் மகனும் ஆஃபென்ஸ் பொறுப்பாளருமான பிரையன் ஃபெரென்ட்ஸுக்குச் சராசரி 25 புள்ளி என்று ஒப்பந்தத்திலேயே இலக்கு வைத்தார்கள். டிஃபென்ஸ் அடிக்கும் புள்ளியும் அந்தக் கணக்கில் சேரும். அப்படியும் எட்டவில்லை. சீசன் பாதியிலேயே அவரை இனி வைத்துக்கொள்ளப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

இந்த டிஃபென்ஸுக்கு உண்மையான துணையாக இருந்தவர், ஆஃபென்ஸ் நகர முடியாதபோது பந்தை உதைத்து அனுப்பும் பன்ட்டர் டோரி டெய்லர். ஆஸ்திரேலியாக்காரர். அந்த ஒரு சீசனில் 93 பன்ட், 4,479 யார்டு. 1938-இலிருந்து நின்ற சாதனையை உடைத்தார். அவர் உதைக்கும் பந்து கோல் கோட்டுக்குப் பக்கத்தில் போய்ச் செத்து விழும்போது, டச் டவுன் அடித்த மாதிரி கூட்டம் எழுந்து நிற்கும்.

மினசோட்டாவிடம் 12-10 என்று தோற்றதற்கு இன்னமும் நடுவர்களைத் திட்டுகிறார்கள். கடைசி நேரத்தில் கூப்பர் டிஜீன் பன்ட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி அடித்த டச் டவுனை, ‘பிடித்த பிறகு ஓடமாட்டேன்’ என்று காட்டும் சைகை மாதிரி கையை அசைத்தார் என்று ரத்து செய்தது எனக்கும் ஆறவில்லை. ஆனால் அன்று மினசோட்டாவின் 12 புள்ளியும் நான்கு ஃபீல்டு கோலில் வந்தது. ஒரு டச் டவுன்கூட விடவில்லை நம் பசங்கள். நம் ஆஃபென்ஸ் நாள் முழுக்க எடுத்தது 127 யார்டு.