மீன்காரம்மா தலையில் விழும் டைம்அவுட்

பணம் கட்டும் செயலிகளை நல்ல வைஃபையில் உட்கார்ந்து எழுதுகிறோம். சிக்னல் படுத்தால் வரும் நஷ்டம் மட்டும் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் விற்கும் அம்மா தலையில் விழுகிறது. இது நியாயமே இல்லை.

வாங்குபவர் 800 ரூபாய் அனுப்புகிறார். பணம் கழிந்துவிட்டதாக அவருக்கு மெசேஜ் வருகிறது. பணம் வந்ததைக் குரலில் சொல்லும் மீன்காரம்மாவின் சவுண்ட் பாக்ஸ் பேசவில்லை. மீன் வெட்டியாகிவிட்டது, பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். கொடுப்பதா, வேண்டாமா?

யுபிஐயில் அந்த 800 ரூபாய்க்கான தகவல் செயலி, அனுப்புபவரின் வங்கி, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ, பெறுபவரின் வங்கி என்று பல கை மாறுகிறது. எங்காவது ஒரு பதில் தொலைந்தால் டைம்அவுட், அதாவது காத்திருக்கும் நேரம் முடிந்துவிடும். வேலை நடந்தே இருக்கலாம், பதில்தான் வந்து சேரவில்லை. அதைப் போய் "தோல்வி, மீண்டும் முயலவும்" என்று காட்டினால், நம்பி அழுத்துபவருக்கு 1,600 ரூபாய் போய்விடும்.

சின்னக் கடைக்கு பில்லிங் செயலி எழுதும் தம்பி தங்கைகளும் இதைக் கவனிக்க வேண்டும். பட்டனை அழுத்தியதுமே, கோரிக்கை கிளம்பும் முன்பே, போனிலேயே ஒரு தனி ஐடி உருவாக்கிச் சேமித்துவிடுங்கள். எத்தனை முறை திரும்ப அனுப்பினாலும் அதே ஐடிதான் போக வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் புது ஐடி போட்டால் எல்லாம் வீண். டேட்டாபேஸில் ஒரே ஐடி இரண்டு முறை பதிவாகாதபடி, அந்த ஐடி இருக்கும் நெடுவரிசைக்கு யுனிக் கட்டுப்பாடு வையுங்கள். "ஏற்கெனவே இருக்கிறதா" என்று பார்த்துவிட்டுப் பிறகு எழுதுவது போதாது. ஒரே நொடியில் வரும் இரண்டு கோரிக்கைகளும் "இல்லை" என்ற பதிலை வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடும். திரும்ப அனுப்பும் இடைவெளியை 2, 4, 8 வினாடி என்று கூட்டி, அதில் கொஞ்சம் ரேண்டமும் கலக்க வேண்டும். இல்லையென்றால் டவர் உயிர் பெற்றதும் எல்லா போனும் ஒரே நேரத்தில் மோதி சர்வரை மறுபடி சாய்க்கும்.

டெஸ்டிங்கில் நெட்டை மெதுவாக்கிப் பார்ப்பதோடு நிறைய பேர் நிறுத்திவிடுகிறார்கள். சர்வரில் பதிவு உறுதியான (கமிட்) பிறகு, பதில் கிளம்பும் முன் இணைப்பை வெட்டிப் பாருங்கள். உண்மையான ஓட்டை அங்கேதான் தெரியும்.

இந்தக் கடலூர்க் கரையில் இணைப்பு அறுவது அபூர்வமான நிலைமையும் இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல். கரண்ட் போனால் டவர் பேட்டரி சில மணி நேரம்தான், அப்புறம் டீசல் வந்தால் உண்டு. சவுண்ட் பாக்ஸில் இருப்பது வேறு சிம் என்பதால் போனில் சிக்னல் இருந்தும் பெட்டி மௌனமாக இருக்கலாம். அதனால் விற்பவர்கள் பெட்டியையும் நம்ப வேண்டாம், எதிராளி காட்டும் திரையையும் நம்ப வேண்டாம். போலித் திரை காட்டும் செயலிகள் உலவுகின்றன. தன் கணக்கில் அந்தப் பரிமாற்றத்துக்கான 12 இலக்க யுபிஐ எண்ணோடு வரவு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதே வழி.

வாடிக்கையாளருக்கும் பாதுகாப்பு உண்டு. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, கடைக்குக் கட்டிய பணத்துக்கு உறுதி வராவிட்டால் 5 நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தனிநபர் கணக்குக்கு அனுப்பியது என்றால் மறுநாளுக்குள். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு, அதுவும் புகார் கொடுக்காமலே. இது எத்தனை பேருக்குத் தெரியும்? சுற்றும் வட்டத்துக்குப் பதில் செயலி இதைத்தான் தமிழில் காட்ட வேண்டும்: "உங்கள் கணக்கில் 800 ரூபாய் கழிந்தது. கடைக்குச் சேர்ந்ததா என்று இன்னும் தெரியவில்லை. மறுபடி அனுப்ப வேண்டாம். சேரவில்லை என்றால் இந்தத் தேதிக்குள் திரும்பி வரும்."